நிறுத்தத்தில் இருத்தல்

சென்னை லஸ் முனையில் மாலை ஆறரை மணிக்குப் பஸ்ஸை எதிர்பார்த்து நிற்கிற ஜனங்களைச் சற்றே தள்ளி நின்று கவனித்தவர்களுக்கு ஒன்று புலப்பட்டிருக்கும். வயதிலும் உத்தியோகத்திலும் உடையிலும் ஒருவருக்கொருவர் எவ்விதச் சம்பந்தமும் இல்லாத அத்தனை பேரும், தீபாராதனைக்குத் திரை விலகும் தருணத்தை எதிர்நோக்கிச் சந்நிதியில் நிற்கிறவர்களைப் போல ஒரே திசையில் முகத்தைத் திருப்பி, ராயப்பேட்டை நெடுஞ்சாலைப் பக்கமிருந்து வருகிற ஒவ்வொரு பெரிய வாகனத்தின் நெற்றியையும் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, அது தம்முடைய வண்டி அல்ல என்று தெரிந்ததும் பார்வையைத் தாழ்த்தி, மறுகணமே மறுபடியும் நிமிர்த்துகிறார்கள். 1972-ல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் தோன்றிய காலத்தில் கல்லூரி மாணவனாக அந்த வண்டிகளில் ஏறத் தொடங்கிய நாளிலிருந்து, மூத்த குடிமக்களுக்கென்று 2016 முதல் கொடுத்துவருகிற மாதம் பத்து டோக்கன்களைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டு பிரயாணம் செய்கிற இன்றுவரை, அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவனாக நின்றுவருகிறேன். என் ஆயுளில் நான் புத்தகம் படித்த நேரத்தையும் பஸ்ஸுக்காக நின்ற நேரத்தையும் தராசில் வைத்தால் எந்தத் தட்டு தாழும் என்று நினைக்கும்போது மனம் கனத்துப்போகிறது.

நகரப் பிரயாணத்தின் அவஸ்தைகளைப் பற்றி நண்பர்களிடம் பேச்செடுத்தால், அவர்கள் பெரும்பாலும் வண்டிக்குள் நிகழ்கிறவற்றையே சொல்கிறார்கள். நெரிசல், வியர்வை, காலை மிதித்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போகிற மனிதர், சில்லறை இல்லை என்று டிக்கெட்டின் பின்புறத்தில் பாக்கியை எழுதிக் கொடுத்துவிட்டு நாம் இறங்குகிற சமயத்தில் கூட்டத்தின் மறுகோடியில் இருக்கிற கண்டக்டர், ஒழுகுகிற கூரை, இறங்காத ஜன்னல் கண்ணாடி என்று அந்த வரிசை நீள்கிறது. எல்லாம் மெய்தான். நெரிசலைச் சாக்காகக் கொண்டு பெண்களுக்கு இழைக்கப்படுகிற அவமானங்களை மட்டும் இந்த வரிசையில் சேர்க்க எனக்குச் சம்மதமில்லை. அவை குற்றங்கள், அவஸ்தை என்ற மெல்லிய சொல்லால் அவற்றை அழைப்பதே தவறு. மற்றவற்றைப் பொறுத்தவரையில், படியில் காலை வைத்து உள்ளே நுழைந்துவிட்ட மனிதன் எத்தனை நெருக்கடியிலும் ஒருவகையான சமூகத்துக்குள் வந்து சேர்ந்துவிடுகிறான், அந்தச் சமூகத்துக்கு எழுதப்படாத தர்மங்கள் சில உண்டு, அவை ஆச்சரியப்படத்தக்க அளவுக்குக் காப்பாற்றப்பட்டும் வருகின்றன என்பதே என் நெடுநாளைய அநுபவம்.

இதற்கு ஒரு காட்சியைச் சாட்சியாக வைக்கிறேன். சென்ற ஐப்பசியில், மழை விட்டும் தூவானம் விடாத ஒரு மாலையில், அடையாறு செல்லும் வண்டி ஒன்றின் முன்வாசல் வழியே ஏறி, டிரைவரின் ஆசனத்துக்குப் பின்னால் உள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்டக்டரோ பின்வாசலுக்கு அருகில் அசைய இடமில்லாமல் இருந்தார். அவருக்கும் எங்களுக்கும் இடையே ஜனங்கள் சுவர் எடுத்ததுபோல் நின்றார்கள். என் பக்கத்தில் நின்ற பையன் ஒருவன் இருபது ரூபாய்த் தாளை நாலாக மடித்து, எதிரே இருந்த தோளைத் தட்டி, "ஒரு அடையாறு, பாஸ் பண்ணுங்கண்ணா" என்றான். தோளுக்குரியவர் திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி வாங்கிக்கொண்டார். நகக்கண்களில் கிரீஸ் ஏறிய அந்தக் கையிலிருந்து தாள் ஒரு வெள்ளைச் சட்டைக் கைக்குப் போயிற்று. அங்கிருந்து கண்ணாடி வளையல்களும் ஒரு சிவப்புக் கயிறும் கட்டிய கைக்கு. பிறகு உட்கார்ந்திருந்த ஒரு கிழவரின் நடுங்குகிற விரல்களுக்கு. அதன் பிறகு என் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் "ஒரு அடையாறு, ஒரு அடையாறு" என்ற சொல் மட்டும் ஒரு குரலிலிருந்து இன்னொரு குரலுக்கு மாறி மாறிப் பின்னோக்கிச் செல்வது காதில் விழுந்துகொண்டே இருந்தது. மந்தைவெளியைத் தாண்டியபோது, டிக்கெட்டின் மெல்லிய காகிதத்துக்குள் நாணயங்களைச் சுருட்டிப் பொட்டலமாக்கிய மீதிப்பணம் அதே கைகளின் வழியே திரும்பி வந்தது. பையன் அதை எண்ணிப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டான். பத்துக் கைகள் தொட்ட பணம். பத்துப் பேருக்கும் பெயர் தெரியாது, முகம் தெரியாது, ரசீது கிடையாது, சாட்சி கிடையாது. இந்தப் பணம் வழியில் தொலைந்துபோனதாக இத்தனை வருஷங்களில் ஒருவரும் புகார் சொல்லி நான் கேட்டதில்லை. நின்றுகொண்டிருப்பவரின் பையையும் சாப்பாட்டுக் கூடையையும் உட்கார்ந்திருப்பவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வதும், குழந்தையோடு ஏறுகிறவளைக் கண்டதும் ஒருவர் சொல்லாமலே எழுந்துகொள்வதும், தூங்கிவிட்ட பள்ளிக்கூடப் பிள்ளையை அதன் நிறுத்தம் வந்ததும் பக்கத்திலிருப்பவர் தட்டி எழுப்புவதும் இந்தத் தர்மத்தின் கிளைகளே.

ஆகையால் என் மனக்குறை வண்டிக்குள் இருப்பதைப் பற்றியது அன்று. வண்டி வருவதற்கு முன்னால், சாலையோரத்தில், எவராலும் எந்தப் புத்தகத்திலும் குறித்துக்கொள்ளப்படாமல் கழிந்துபோகிற நேரத்தைப் பற்றியது அது.

காத்திருத்தல் நமக்குப் புதிய விஷயம் அல்ல. நம்முடைய இலக்கண நூலார் அதற்கு ஒரு நிலத்தையே ஒதுக்கி வைத்தார்கள். முல்லைத் திணைக்கு உரிப்பொருள் இருத்தல். பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை. பொருள் தேடியோ போர்மேலோ பிரிந்து போன தலைவன், கார் தொடங்கும்போது வந்துவிடுவேன் என்று பருவம் குறித்துச் சென்றிருக்கிறான். தலைவி அந்தப் பருவத்தை நோக்கி ஆற்றியிருக்கிறாள். அங்கே அவளுடைய பொறுமைக்கு ஆதாரமாக நிற்பது அவன் சொல்லிப்போன சொல். அந்தச் சொல் இருப்பதனால்தான், மாலைப்பொழுது எத்தனை துன்பம் தந்தாலும், அவளுடைய காத்திருப்புக்கு ஒரு கண்ணியமும் ஓர் எல்லையும் கிடைக்கின்றன. சொல் இல்லாதுபோனால், அல்லது சொன்ன சொல் பொய்த்துவிடுமோ என்ற ஐயம் புகுந்துவிட்டால், அதே காத்திருப்பு முல்லையை விட்டு நீங்கி நெய்தலின் இரங்கலாக மாறிவிடுகிறது. மாலைதோறும் லஸ் முனையில் நிற்கிறவர்களின் முகங்களைப் பார்க்கையில் எனக்கு இந்தப் பாகுபாடு நினைவுக்கு வராத நாள் இல்லை. இவர்களிடம் யாரும் பருவம் குறித்துச் சொல்லவில்லை. அடுத்த வண்டி ஐந்து நிமிஷத்தில் வரலாம், ஐம்பது நிமிஷத்தில் வரலாம், வராமலும் இருக்கலாம்.

ரயிலுக்கு நிற்கிறவனுடைய நிலைமை வேறு. கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல்; அந்த நாளிலிருந்து அந்தப் பாதையில் போய்வருகிறவர்கள் தங்கள் வண்டியை நேரத்தாலேயே அழைத்துப் பழகியிருக்கிறார்கள். "எட்டு இருபதைப் பிடிக்கணும்" என்பார்கள், "ஆறு நாற்பது போயிடுச்சா?" என்று கேட்பார்கள். பஸ்ஸை அப்படி யாரும் அழைப்பதில்லை. அதற்கு எண்தான் பெயர்: இருபத்தொன்று ஜி, இருபத்தொன்பது சி. எட்டு இருபது தாமதமாக வரலாம். அப்போதும் அது தாமதம் என்று சொல்வதற்கு நமக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. இருபத்தொன்பது சி-யைத் தாமதம் என்று எதை வைத்துச் சொல்வது? நிறுத்தத்தில் அதன் நேரம் எழுதப்பட்டிருந்தால் அல்லவா அது பிந்தி வந்தது என்று கேட்க நமக்கு வாய் உண்டாகும்!

1895-ல் சென்னைத் தெருக்களில் ஓடத் தொடங்கிய மின்சார டிராம் 1953 ஏப்ரலில் நின்றுபோயிற்று. நான் அதைப் பார்த்ததில்லை. என் தகப்பனார் அதில் போய்வந்தவர். டிராம் வேகமான வாகனம் அல்லவென்றும், ஆனாலும் அதற்கு நிற்பதில் ஒரு நிம்மதி இருந்தது என்றும் அவர் சொல்லுவார். காரணம் கேட்டால், "தண்டவாளம் கண்ணெதிரே கிடக்கிறதே, வந்தால் இந்த வழியாகத்தானே வந்தாக வேண்டும்" என்பார். சிறு வயதில் எனக்கு இதன் பொருள் விளங்கவில்லை. சுரங்க ரயில் பாதைக்காக லஸ் வட்டாரத்தில் சாலைகளைத் தோண்டி, தகரத் தடுப்புகளை நிறுத்தி, போக்குவரத்தை இந்தத் தெருவுக்கும் அந்தத் தெருவுக்குமாகத் திருப்பிவிட்டிருக்கிற இந்தச் சில வருஷங்களில் நன்றாக விளங்கிவிட்டது. நேற்று வரையில் நின்ற இடத்தில் இன்று தகரம் நிற்கிறது. வண்டி எங்கே நிற்கும் என்று தெரிவிக்கிற பலகை ஒன்றும் இல்லை. பழக்கடைக்காரர்தான் சொல்ல வேண்டும்: "இங்க நிக்காது சார், அந்தாண்ட போங்க, மெடிக்கல் ஷாப்பாண்ட நிக்குது." அங்கே போய் நின்றால், ஆட்டோக்கள் ஓரத்தை அடைத்துக்கொண்டிருப்பதனால் வண்டி நடுச்சாலையில் நிற்கிறது; அதற்கும் நமக்கும் இடையே மோட்டார் சைக்கிள்கள் அம்புபோல் பாய்கின்றன; இரண்டு பக்கமும் பார்த்து அவற்றைக் கடந்து படியை எட்டுவதற்குள் விசில் ஊதிவிடுகிறது. பெரிய பொதுக்காரியத்துக்காகச் சிலகாலம் தோண்டுவதை நான் குறை சொல்ல வரவில்லை. ஓர் அட்டையில் கைப்பட எழுதி ஒரு கம்பத்தில் கட்டி வைப்பதற்கு எத்தனை செலவு ஆகிவிடும் என்பதுதான் என் கேள்வி.

காத்திருந்து காத்திருந்து கண் பூத்துப்போன பிறகு, ஒரே எண்ணுள்ள வண்டிகள் மூன்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்பதைப் பார்க்காத சென்னைவாசி இருக்கமாட்டார். வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று கூட்டத்தில் யாராவது கசந்துகொள்வார்கள். நானும் நெடுங்காலம் அப்படியே நம்பியிருந்தேன். அது நியாயம் அல்ல என்று பின்னால் தெரிந்துகொண்டேன். நியூவெல், பாட்ஸ் என்ற இரண்டு அறிஞர்கள் 1964-லேயே இதை ஆராய்ந்து கணிதமாக எழுதியிருக்கிறார்கள். விஷயத்தைக் கணிதம் இல்லாமலும் சொல்லிவிடலாம். புறப்படும் இடத்திலிருந்து பத்து நிமிஷத்துக்கு ஒன்றாக ஒழுங்காகவே வண்டிகள் கிளம்புகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிக்னலிலோ ஒரு கல்யாண ஊர்வலத்திலோ சிக்கி அவற்றில் ஒன்று இரண்டு நிமிஷம் பிந்துகிறது. அந்த இரண்டு நிமிஷத்தில் அடுத்த நிறுத்தத்தில் கூடுதலாக நாலு பேர் சேர்ந்துவிடுகிறார்கள். அவர்களை ஏற்றிக்கொள்ள அது இன்னும் கொஞ்சம் பிந்துகிறது. ஆகவே அதற்கடுத்த நிறுத்தத்தில் எட்டுப் பேர். பின்னால் வருகிற வண்டிக்கோ ஏற்ற ஆளில்லை. அதனால் அது விரைந்து வந்து முன்னதன் முதுகைப் பிடித்துவிடுகிறது. யாருடைய குற்றமும் இல்லாமலே, முன்னால் போவது மேலும் மேலும் நிரம்புவதும், பின்னால் வருவது மேலும் மேலும் காலியாவதும் இவ்வண்டிகளின் சுபாவம். முந்தி வந்துவிட்டதைச் சில நிறுத்தங்களில் இரண்டொரு நிமிஷம் பிடித்து வைத்து இடைவெளியைச் சமன்செய்யாவிட்டால், அவை கட்டாயம் கூடிக்கொண்டேதான் தீரும்.

இதில் மிக முக்கியமான கணக்கு ஒன்று அடங்கியிருக்கிறது. ஒரு மணி நேரத்தில் ஆறு வண்டிகள் பத்துப் பத்து நிமிஷ இடைவெளியில் வந்தால், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தத்துக்கு வந்து சேருகிற ஒருவர் சராசரியாக ஐந்து நிமிஷம் நிற்பார். அதே ஆறு வண்டிகள் மும்மூன்றாகச் சேர்ந்து அரைமணிக்கு ஒரு தரம் வந்தால், அவர் பதினைந்து நிமிஷம் நிற்பார். இரண்டு விதத்திலும் ஓடிய வண்டிகள் ஆறுதான்; எரிந்த டீசல் ஒன்றுதான்; நடைகளின் எண்ணிக்கையை மாத்திரம் பார்க்கிற கணக்குப் புத்தகத்தில் இரண்டு நாட்களும் ஒரே நாளாகத்தான் பதிவாகும். நிறுத்தத்தில் நின்றவருக்கோ ஒரு நாள் ஐந்து நிமிஷம், மற்றொரு நாள் பதினைந்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷ வித்தியாசம் எங்கும் ஏறாமல் அவருடைய கால்வலியில் மாத்திரம் ஏறிக்கொள்கிறது. நகரம் முழுவதிலும் ஒரு மாலையில் இப்படிக் காணாமல் போகிற நிமிஷங்களைக் கூட்டிப் பார்க்கிற எண்ணம் யாருக்கேனும் வந்ததுண்டா?

படியில் தொங்குகிற பிள்ளைகளைப் பற்றியும் இங்கேயே சொல்லவேண்டும். 2012 டிசம்பரில் பெருங்குடிக்கு அருகே, பஸ்ஸின் படியில் நின்று சென்ற மாணவர்கள் நால்வர் லாரி மோதி மாண்டுபோனார்கள். வாலிபத்தின் முறுக்கில், பார்க்கிறவர்கள் பார்க்கவேண்டும் என்று தொங்குகிறவர்கள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அவர்களைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் பள்ளிக்கூடத்து மணி அடிப்பதற்குள் போய்ச்சேர வேண்டிய ஒரு பிள்ளை, அரைமணி நின்ற பிறகு வந்த வண்டியில் ஒரு காலுக்கு மாத்திரமே இடம் இருப்பதைக் கண்டு, இதை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாத திகைப்பில் அந்த ஒரு காலை வைத்துவிடுகிறான் என்றால், அவனுக்கு உபதேசம் செய்வதற்கு முன்னால் நாம் வேறு சிலவற்றை யோசிக்க வேண்டியிருக்கிறது. பின்னால் இரண்டு நிமிஷத்தில் காலியாக ஒன்று வருகிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்தால் அவன் நின்றிருப்பான்.

நிற்கிறவர்கள் எல்லோரும் ஒரே அளவில் நிற்பதில்லை என்பதையும் நான் மெல்ல மெல்லத்தான் உணர்ந்தேன். முழங்கால் சொன்னபடி கேட்காத வயதுக்கு வந்துவிட்ட என்னைப் போன்றவர்கள், எதிரே வந்து நிற்கிற எல்லா வண்டிகளிலும் ஏறிவிட முடியாது. பழைய அமைப்பில் உள்ள வண்டியின் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய 900 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாற்பது வயதுக்காரர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார், எழுபது வயதுக்காரருக்கு அதன் முதற்படி ஒரு மதில். மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம் வரையில் சென்று போராடியதன் பயனாக, தளம் 400 மில்லிமீட்டர் உயரமே உள்ள தாழ்தள வண்டிகள் 2024 முதல் சென்னையில் ஓடுகின்றன. முதல்முறை அதில் ஏறியபோது, வீட்டு நடையிலிருந்து கூடத்துக்குள் போவதுபோல் கால் தானாகவே உள்ளே போயிற்று. கண்டக்டரும் "மெதுவா வாங்க பெரியவரே" என்று சொல்லிக் காத்திருந்தார். அன்று எனக்கு ஏற்பட்ட ஆனந்தத்தை நான் மறக்கமாட்டேன். சக்கரநாற்காலியில் வருகிறவருக்கு அது ஆனந்தம் என்பதற்கும் மேற்பட்டது; பிறர் தூக்கிவிடாமல் தம் ஊரில் தாமே பிரயாணம் செய்கிற உரிமை. ஆனால் அவை எண்ணிக்கையில் இன்னும் போதாது. ஆகவே, வந்த மூன்று வண்டிகளை விட்டுவிட்டு நாலாவதற்காக நிற்பது எங்களுக்கு வாடிக்கையாகிவிட்டது.

எங்களைவிட அதிகமாக நிற்கிறவள் ஒருத்தியை எனக்குத் தெரியும். பெயரைச் சொல்ல வேண்டாம். ஒக்கியம் துரைப்பாக்கத்தை அடுத்த கண்ணகி நகரிலிருந்து மயிலாப்பூரில் இரண்டு வீடுகளுக்கு வேலைக்கு வந்து போகிறாள். நகரத்தின் நடுவே ஆற்றங்கரையிலும் கால்வாய்க் கரையிலும் குடியிருந்தவர்களை 2000-ஆம் ஆண்டு முதற்கொண்டு அங்கே கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். வீடு அங்கே போயிற்று, வேலை இங்கேயே தங்கிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது பஸ் ஒன்றுதான். சாதாரணக் கட்டண வண்டிகளில் பெண்கள் டிக்கெட் இல்லாமல் பிரயாணம் செய்யலாம் என்ற ஏற்பாடு 2021 மே மாதத்தில் வந்தபோது, நம் காலத்தில் ஏழைப் பெண்களுக்குக் கிடைத்த நன்மைகளில் இது தலையாயது என்று நான் கருதினேன். இன்றும் அப்படியே கருதுகிறேன். 2018-ல் கட்டணம் உயர்ந்த பிறகு, காசை மிச்சம்பிடிக்க ஒரு ஸ்டேஜ் தூரம் நடந்துபோய் ஏறிக்கொண்டிருந்தவள் அவள். இப்போது அந்த நடை இல்லை. ஆனால் சாதாரண வண்டி, அதாவது அவர்கள் வெள்ளைபோர்டு என்று சொல்கிற வண்டி, நினைத்த நேரத்தில் வருவதில்லை. சொகுசு வண்டிகள் இடம் காலியாகக்கூட வந்து நின்று போகின்றன. ஏறினால் காசு, போக வர அதற்குக் கொடுக்கிற பணத்தில் வீட்டுக்கு அரை லிட்டர் பால் வாங்கிவிடலாம். ஆகவே அவள் அவற்றை விட்டுவிட்டு, சாதாரண வண்டிக்கு அடையாளமாக ரோஜா நிறம் பூசிய முகப்பு ஒன்று தூரத்தில் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறாள். காசாகக் கொடுக்க வேண்டாம் என்று அவளுக்குச் சொன்னோம். அவள் நேரமாகக் கொடுத்துவருகிறாள். வேலையும் வீடும் போக அவளிடம் எஞ்சியிருந்த கொஞ்சத்திலிருந்து அது போகிறது. வண்டி எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று காட்டும் வசதி 2022 முதல் கைப்பேசியில் கிடைக்கிறது. அவள் வைத்திருப்பது பொத்தான் அழுத்திப் பேசுகிற பழைய கைப்பேசி.

வண்டி ஓட்டுகிறவர்கள் மேல் கோபம் கொள்வது சுலபம். அது நமக்கு எதிரில் இருக்கிற ஒரே முகம். நிறுத்தத்தைத் தாண்டி முப்பது கஜம் போய் நிறுத்தும் டிரைவரை நோக்கி நானே கத்தியிருக்கிறேன். ஆனால் சித்திரை வெயிலில் இஞ்சின் சூட்டின் பக்கத்திலேயே எட்டு மணி நேரம் உட்கார்ந்து, ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்ச்சேர வேண்டிய நேரம் என்று காகிதத்தில் எழுதியதற்கும் சாலை அவரை விடுகிற நேரத்துக்கும் இடையில் நசுங்கி, பிந்திப் போனால் டீ குடிக்கவோ இயற்கை உபாதைக்கு ஒதுங்கவோ கிடைக்க வேண்டிய பத்து நிமிஷத்தையும் இழந்து, மறுபடி வண்டியைத் திருப்புகிறவர் அவர். ஒருநாள் கடைசி நிறுத்தத்தில் இறங்கும்போது கண்டக்டர் ஒருவர் என்னிடம், "ஐயா, நீங்க வண்டிக்கு நிக்கிறீங்க, நாங்க வண்டியிலயே நிக்கிறோம்" என்றார். களைத்த குரலில் சொன்னார். நிற்கிறவர்களின் நேரத்துக்குக் கணக்கு இல்லாத இடத்தில் ஓட்டுகிறவர்களின் நேரத்துக்கும் கணக்கு இருப்பதில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதன் பிறகு நான் கத்துவதில்லை.

நகரத்தை நிர்வகிக்கிறவர்கள் இதைப் படிக்க நேர்ந்தால் அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது பெரிய காரியம் அல்ல. புதிய வண்டிகள் வரட்டும், மின்சார வண்டிகள் வரட்டும், அவற்றுக்கு நாங்கள் நன்றியுடையவர்களாக இருப்போம். அதற்கு முன்னால், நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஒரு பலகையில், இந்த வழியே போகிற வண்டிகள் இவை, இவற்றில் சாதாரண வண்டி இத்தனை மணிக்கு, தாழ்தள வண்டி இத்தனை மணிக்கு, இரவில் கடைசி வண்டி இத்தனை மணிக்கு என்று, கைப்பேசி இல்லாதவரும் படிக்கும்படியாகப் பெரிய தமிழ் எழுத்தில் எழுதி வையுங்கள். எழுதின நேரத்துக்கு வண்டி வராத நாளில் எத்தனை நிமிஷம் பிந்தியது என்பதை நடைக்கணக்கு எழுதுகிற அதே புத்தகத்தில் எழுதுங்கள். முந்தி வந்ததை நிறுத்தி வைத்து, பிந்தி வருவதற்கு வழிவிடுங்கள். எங்களுக்கு ஒரு சொல் கொடுங்கள். ஆற்றியிருக்க எங்களுக்குத் தெரியும்.

சென்ற வாரம் ஒரு நாள், வீட்டில் விருந்தினரை அனுப்பிவிட்டு, எட்டு மணி சுமாருக்கு லஸ்ஸில் போய் நின்றேன். தகரத் தடுப்பில் சாய்ந்தபடி, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள்.

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்கம்மா?" என்று கேட்டேன்.

"ஏழு மணிக்கு வந்தேன் சார். நாலு வண்டி போயிடுச்சு, ஒண்ணுகூட வெள்ளபோர்டு இல்ல" என்றாள். பிறகு, "நீங்க உக்காருங்க சார், வந்தா நான் சொல்றேன்" என்று பக்கத்துக் கடைப் படியைக் காட்டினாள்.

வெள்ளைபோர்டு எட்டு இருபதுக்கு வந்தது. பின்வாசலில் அவளுக்கு ஒரு காலுக்கும் ஒரு கைக்கும் இடம் கிடைத்தது. உள்ளே இருந்த ஒரு பெண் அவளுடைய பையை வாங்கிக்கொண்டாள். அடையாற்றில் இறங்கி, கண்ணகி நகர் வண்டிக்கு அவள் இன்னொரு முறை நிற்க வேண்டும்.